ராமானுஜன் விட்டுவிட்ட ஓர் எண்



எங்க தாத்தா இன்னமும் நெல்லைக் கலக் கணக்கில்தான் சொல்லுவாங்க. 12 மரக்கால் ஒரு கலம். "10 மரக்கால்னு வச்சிருந்தா கணக்குப் போட சுலபமா இருக்குமே தாத்தா" என்றேன். "10 மரக்காலை மூணு பேருக்குப் பிரிச்சுக் குடு பாப்போம்" என்றார். முழித்தேன்.

12-ஐ 2, 3, 4, 6 பேருக்கு மீதியில்லாமல் பிரிக்கலாம். 1-ஐயும் 12-ஐயும் சேர்த்தால் 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் 6 காரணி கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணியில் ஜெயிக்கும் எண்களைப் பற்றி, நம்ம கும்பகோணத்தில் படித்து வளர்ந்த ராமானுஜன் 1915-ல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று அவர் பட்டியலில் 102 எண்கள். கடைசி எண் இது:

6746328388800

அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

இதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை வரும். காரணி எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் போதும்.
7×5×3×3×2×2×2×2×2 = 10080.

சரிதானா என்று நானும் பெருக்கிப் பார்த்தேன். கடை கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது, கையால்தான் போட்டேன். 963761198400 என்று வந்தது. அழுகையே வந்துவிட்டது. பார்த்தால் ஒரு 7-ஐ விட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், தப்பாக வந்த அந்த எண்ணும் ராமானுஜன் பட்டியலில் உள்ள எண்தான்! (6720 காரணிகள்.)

இப்போதுதான் முக்கியமான விஷயம். ராமானுஜனும் ஒன்றை விட்டிருக்கிறார். கணக்கு சார் சொன்னபோது நான் நம்பவேயில்லை. அவர் எண் விடுவாரா? வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தேன்.

பட்டியலில் 195545750400 இருக்கிறது, காரணி 4608. அதற்கு அடுத்து 321253732800, காரணி 5376. முதல் எண்ணில் ஒரு 2-ஐ எடுத்துவிட்டு ஒரு 3-ஐப் போட்டால் 293318625600 வரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எண். இதன் காரணிகள் 7×5×3×3×2×2×2×2 = 5040. முந்தினதைவிட அதிகம்! பட்டியலில் இருந்திருக்க வேண்டிய எண்தான், இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் இதே எண்தான் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அத்தனை எண்ணையும் கண்டுபிடித்தவர் ஒன்றே ஒன்றை விட்டார். காலாண்டுத் தேர்வில் 36-க்குக் காரணி எழுதும்போது 9-ஐ விட்டவள் நான். அன்றைக்கு ராத்திரி எனக்கு ராமானுஜனை முன்னைவிட ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரு கேள்வி: அந்த விட்டுப்போன எண்ணின் காரணிகள் 5040 அல்லவா? 5040-க்கு எத்தனை காரணிகள்? அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணாவது அதை ஜெயிக்குமா? போட்டுப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டு மணிக்கு ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.