ஆகாரமும் ஸ்திரீகளின் ஹார்மோனும்

அன்புள்ள வசந்திக்கு,

உன் விடுதித் தோழி, ‘ஹார்மோனைச் சமன் செய்யும் சூரணம்’ என்று ஒன்றை விளம்பரம் பார்த்து வாங்கியிருப்பதாகவும், மாதவிலக்கு ஒழுங்கில்லாத உனக்கும் அதைச் சிபாரிசு செய்வதாகவும் எழுதியிருந்தாய். டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதை நம்பிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஹார்மோன்கள் எங்கே சுரந்து எவ்வழியே தேகத்தை விட்டு நீங்குகின்றன என்பதை நீ அறிந்துகொள்வது நலம்.

ஹார்மோன் என்றதும் நம் பெண்களுக்குச் சினைப்பை ஒன்றே நினைவுக்கு வருகிறது. ஆனால் விஞ்ஞானம் முதன்முதலில் நிரூபித்துக் காட்டிய ஹார்மோன் குடலில் சுரப்பது. 1902இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் (ஸ்டார்லிங்கின் சகோதரியை மணந்தவர் பேலிஸ், ஆகவே இதை மைத்துனர்களின் ஆராய்ச்சி என்றே சொல்லலாம்) மயக்கமூட்டிய நாயொன்றின் சிறுகுடற் பகுதியில் நரம்புகளையெல்லாம் அறுத்து, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்து, உள்ளே அமிலத்தைச் செலுத்தியபோது, நரம்பின் உதவியின்றியே கணையம் நீரைச் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டிய சாற்றை இரத்தத்தில் ஏற்றியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்தப் பொருளுக்கு அவர்கள் செக்ரிடின் என்று பெயரிட்டார்கள்.

குடல் தானே ஹார்மோனைச் சுரப்பதோடு நிற்காமல், சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனின் கதியையும் ஓரளவு தீர்மானிக்கிறது. வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு சேர்த்து மூட்டையாகக் கட்டிப் பித்தநீரின் வழியே குடலுக்கு அனுப்ப, அங்கே வாழும் பாக்டீரியாக்களிற் சில அந்த முடிச்சை அவிழ்த்துவிட, விடுபட்ட ஈஸ்ட்ரோஜன் மறுபடியும் இரத்தத்தில் கலக்கிறது. இது நோயன்று, இயற்கையான சுழற்சியே. ஆயினும் எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு மலத்தோடு கழிகிறது என்பது ஆகாரத்தைப் பொறுத்து மாறுகிறது. 1982இல் பாஸ்டனில் கோல்டினும் சகாக்களும் சைவ உணவு உண்ணும் பெண்களையும் மாமிசம் உண்பவர்களையும் ஒப்பிட்டபோது, நார்ச்சத்து மிகுதியாக உண்ட சைவப் பெண்களின் மலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாகவும், இரத்தத்தில் குறைவாகவும் இருக்கக் கண்டார்கள். அதற்காக நார்ச்சத்தை வரம்பின்றி உண்ணலாகாது; மிகுதியாக உண்ட பெண்களுக்குச் சில மாதங்களில் கருமுட்டை வெளிப்படாமற்போனது அதிகம் என்று 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை போதும்.

உன்னைப் போன்றவர்களிடம் இன்று சர்வ சாதாரணமாகிவிட்ட ‘நீர்க்கட்டி’ விஷயத்துக்கு வருகிறேன். சிகாகோவில் ஸ்டைன், லெவன்தால் என்னும் மருத்துவர்கள் 1935இல் விவரித்த இந்நிலையில், ஸ்கேனில் கட்டிகளாகத் தோன்றுபவை உண்மையில் கட்டிகள் அல்ல; முற்ற வளராமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே. இவ்வுபாதை உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் தேகம் அதை மேன்மேலும் சுரக்க, அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குவதோடு, அதைப் பிணித்து அடக்கிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைத்துவிடுகிறது. முகத்தில் ரோமமும் பருவும் தோன்றுவதும், மாதவிலக்குத் தள்ளிப்போவதும் இதனாலேயே. எடை மிகுந்தவர்கள் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்குபடுகிறது.

ஆகவே விடுதியில் தீட்டிய அரிசிச் சோற்றை மலையாகக் குவித்து, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மாற்று. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்டல், கீரை, வாழைத்தண்டு, அவரை, ஒரு குவளை மோர் ஆகியவற்றைத் தினம் சேர்த்துக்கொள். ஆனால் ஒரே நாளில் கூட்டாமல் சிறிது சிறிதாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடி, இல்லையேல் வயிறு உப்பி அவதிப்படுவாய். எள்ளில் உள்ள லிக்னான் என்னும் பொருளைக் குடற் பாக்டீரியாக்கள் ஈஸ்ட்ரோஜனை ஒத்த மெல்லிய வஸ்துவாக மாற்றுகின்றன. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கொடுத்த நம் பாட்டிமார் இதையெல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று நான் சாதிக்கமாட்டேன். அது நல்ல ஆகாரம் என்பது போதாதா?

மெலிய வேண்டுமென்று பட்டினி கிடப்பதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய அபாயமாக நான் கருதுகிறேன். ஆகாரம் மிகக் குறைந்தால் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் சினைப்பைக்கு அனுப்பும் ஏவலை நிறுத்திவிடுகிறது. விலக்கும் நின்றுவிடும், எலும்பும் பலம் குன்றும்.

சூரணத்தைத் தோழியிடமே விட்டுவிடு. மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால் பெண் மருத்துவரிடம் போ. போகும்போது விலக்கான தேதிகளைக் குறித்துவைத்த நோட்டை எடுத்துச் செல். தைராய்டு, புரோலாக்டின், ரத்தச் சர்க்கரை ஆகிய பரிசோதனைகளை அவர் சொன்னால் தட்டாதே. முடிவு வந்ததும் எனக்கு எழுது.

உன் அன்புள்ள,
பெரியம்மா