கியருக்குள் ஒரு கணக்கு

கடைத்தெருவுக்கு மிதிவண்டியில் போய் வருவது வேறு. மூட்டை முடிச்சுகளுடன் நாட்கணக்கில் மலையேறுவது வேறு. மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அச்சாலை, தங்லங் லா கணவாயில் 5,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தைத் தொடுகிறது. வழியில் கடா லூப்ஸ் என்னுமிடத்தில் மட்டும் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோடையில் மிதிவண்டிப் பயணிகள் பலர் அங்கே செல்கின்றனர். அந்த ஏற்றத்தில் கியர் கைவிட்டால், மெல்லிய காற்றில் மூச்சு வாங்க வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதுபோல, புறப்படுமுன் நாம் கியரைச் சோதிக்க வேண்டும்.

கியர் எப்படி மாறுகிறது என்று முதலில் பார்ப்போம். ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால் அது கேபிளை இழுக்கிறது. கேபிள், பின்சக்கரத்தருகே உள்ள டீரெயிலர் என்னும் கையை நகர்த்துகிறது. அந்தக் கை, செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிறது. பல பற்சக்கரங்கள் சேர்ந்த அடுக்குக்குக் கேசட் என்று பெயர். முற்காலத்தில் லீவரை எவ்வளவு நகர்த்துவது என்பதை ஓட்டுபவரே காதாலும் கையாலும் அறிந்துகொண்டார். 1984ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ, ஒரு ‘கிளிக்’குக்கு ஒரு கியர் என்ற அமைப்பைத் தன் டியூரா ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. வசதி பெருகியது, கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது. லீவர், டீரெயிலர், கேசட் மூன்றும் ஒரே கணக்கில் இயங்கியாக வேண்டும்.

அந்தக் கணக்கு நம் வகுப்பில் போடும் பெருக்கல்தான். ஷிமானோவின் 8 ஸ்பீடு லீவர் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.8 மி.மீ. கேபிளை இழுக்கிறது. அதற்குரிய டீரெயிலர் அதை 1.7 மடங்காக்குகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 4.8 மி.மீ. வருகிறது. 8 ஸ்பீடு கேசட்டில் பற்சக்கரங்களுக்கிடையே உள்ள தூரமும் அதுவே. 9 ஸ்பீடு கேசட்டிலோ அந்தத் தூரம் 4.35 மி.மீ. மட்டுமே.

இப்போது 8 ஸ்பீடு லீவரை 9 ஸ்பீடு கேசட்டுடன் சேர்த்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கிளிக்கிலும் 0.4 மி.மீ. மிகுதியாகிறது. ஐந்தாவது கிளிக்கில் பிழை 2 மி.மீ. ஆகிவிடும், அது பற்சக்கர இடைவெளியில் ஏறத்தாழப் பாதி. செயின் இங்குமில்லை, அங்குமில்லை என்று கரகரக்கும். ஏற்றத்தில் பலமாக மிதிக்கும்போது சட்டென்று தாவும். கால் நழுவி நாம் விழ நேரும். கேபிள் திருகை எவ்வளவு திருகினாலும் இது தீராது. திருகு தொடக்கப் புள்ளியை மாற்றுமே தவிர, ஒவ்வொரு கிளிக்கின் அளவையும் மாற்றாது.

இதற்கு வழி என்ன? அந்த வண்டியில் 8 ஸ்பீடு கேசட்டையும் அதற்கேற்ற செயினையும் மாட்டலாம். ஷிமானோவின் 8, 9 ஸ்பீடு கேசட்டுகள் ஒரே ஹப்பில் பொருந்தும். டீரெயிலரின் மடங்கும் ஒன்றே. கியர் ஒன்று குறைந்தாலும் 34 பல் உள்ள பெரிய பற்சக்கரம் 8 ஸ்பீடிலும் உண்டு. முன்னால் 26 பல் சக்கரம் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் முக்கால் சுற்றே சுழலும். ஏற்றத்தில் அதுதான் நம் முழங்காலைக் காக்கும். கேசட்டை மாற்ற விரும்பாதவர் 9 ஸ்பீடு லீவர் வாங்கலாம். அல்லது கிளிக் இல்லாத பழைய வகை லீவரைப் பொருத்தலாம்.

எண் ஒன்றாக இருந்தாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஷிமானோவின் 10 ஸ்பீடு மலைவண்டி டீரெயிலரின் மடங்கு ஏறத்தாழ 1.2. சாலை வண்டிக்கான 10 ஸ்பீடு லீவர் இழுப்பதோ 2.3 மி.மீ. பெருக்கினால் 2.8 மி.மீ.கூட வராது, தேவையோ 3.95 மி.மீ. இரண்டிலும் ‘10’ என்றே இருந்தும் ஒத்துப்போவதில்லை.

செயினையும் அளந்து பார்க்க வேண்டும். 8 ஸ்பீடு செயினின் வெளி அகலம் 7 மி.மீ.க்குச் சற்று அதிகம்; 10 ஸ்பீடு செயினுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. அகலமான செயின் நெருக்கமான கேசட்டில் பக்கத்துச் சக்கரத்தை உரசும். புதுச் செயினின் 24 கண்ணிகள் 304.8 மி.மீ. நீளமிருக்கும். அது 308 மி.மீ. ஆகியிருந்தால் செயினோடு கேசட்டும் தேய்ந்திருக்கும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் தாவும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இன்னொரு கூட்டலும் உண்டு. முன்பக்கத்தில் 48, 26 பல்; பின்பக்கத்தில் 34, 11 பல் என்று கொள்வோம். வேறுபாடுகள் 22, 23, கூட்டினால் 45. டீரெயிலர் தாங்கும் பல் எண்ணிக்கை இதற்குக் குறையாதிருக்க வேண்டும். குட்டைக் கையுள்ள டீரெயிலரால் இத்தனை செயினைச் சுருட்டிக்கொள்ள இயலாது.

எல்லாம் மாட்டியபின், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே, கொண்டுபோகும் சுமையை ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்திச் சுழற்றும்போது சரியாகத் தோன்றுவது, சுமையோடு மிதிக்கும்போது தாவக்கூடும். புதுக் கேபிள் சற்றுத் தளரும். அதை மீண்டும் இறுக்க வேண்டும். செயின் ஆரக்கம்பிக்குள் விழாமல் தடுக்கும் எல்லைத் திருகையும் மறக்கலாகாது.

தோழியரே! விலையுயர்ந்த உறுப்பா, மலிவான உறுப்பா என்று கியர் கேட்பதில்லை. ஒரே அளவில் இயங்குகிறதா என்றுதான் பார்க்கிறது. ஓர் அளவுகோலும் கொஞ்சம் பெருக்கலும் இருந்தால் அந்தப் பொருத்தத்தை நாமே வீட்டு வாசலில் கண்டறியலாம். கடைக்காரர் தரும் எதையும் வாங்கி மாட்டுமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறகு துணிந்து மலையேறுவோம்.