விண்மீன்களின் பிறப்பிடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறொரு நிறமாகவும் அமைய நெய்யப்படும் பட்டு, நேரே நோக்கினால் நீலமாகவும் சாய்த்துப் பிடித்தால் பச்சையாகவும் தோன்றும். அதனை மயில் கழுத்து நிறம் என்பர். பட்டு ஒன்றே, பார்க்கும் முறைக்கேற்ப வேறு இழை முன்வந்து நிற்கிறது. விண்முகில்களை ஆராயும் வானியலாரும் ஏறத்தாழ இவ்வாறே பார்க்கின்றனர். ஆயினும், அவர்கள் மாற்றுவது கோணத்தை அன்று, ஒளியின் அலைநீளத்தை.

தை மாத முன்னிரவில் கிழக்கு வானில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே, வெறுங்கண்ணுக்கு மங்கிய வெண்புள்ளியாகத் தெரிவதே ஓரியன் நெபுலா என்னும் விண்முகில். ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இம்முகிலில் விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர் பட்டு இங்குள்ள ஹைட்ரஜன், 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் செந்நிற ஒளியை உமிழ்கிறது. மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை உணராது. ஆதலின், அச்செம்மையை ஒளிப்படத்திலேயே காண இயலும்.

கண்ணுறு ஒளிக்குப் பெருங்குறை ஒன்றுண்டு. விண்மீன் கருக்கொள்ளும் இடம் தூசு செறிந்தது. அவ்வொளி அதனுள் நுழையாது. வானில் ஆங்காங்கே தென்பட்ட இத்தகைய கரும்பகுதிகளை வில்லியம் ஹெர்ஷல் விண்மீன்களற்ற ஓட்டைகள் என்றே கருதினார். பேரறிஞர் ஒருவரையும் கண் ஏமாற்றியது! உண்மையில் அவை வெற்றிடங்கள் அல்ல. தூசுத் துகள்கள் மைக்ரோமீட்டரினும் சிறியவை. குறுகிய அலைகளை அவை சிதறடித்தும் உட்கவர்ந்தும் தடுக்கின்றன. நீண்ட அலைகளோ பெரும்பாலும் தடையின்றிக் கடக்கின்றன. மாலைக் கதிரவன் சிவந்து தோன்றுவதும் நீண்ட அலைகள் மிகுதியாக நம்மை வந்தடைவதால்தான்.

1967ஆம் ஆண்டில் பெக்லின், நியூகெபாவர் ஆகிய இருவரும் ஓரியன் முகிலை அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்து, ஒளிப்படங்களில் எதுவுமே தென்படாத ஓரிடத்தில் பொலிவுமிக்க பொருளொன்றைக் கண்டறிந்தனர். அது தூசுக்குள் புதைந்து கிடந்த இளம் விண்மீன். 1970இல் 2.6 மில்லிமீட்டர் அலையில் கார்பன் மோனாக்சைடு அங்குக் கண்டறியப்பட்டது. கடுங்குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு எளிதில் கதிர் வீசாது. அது மறைந்துள்ள இடத்தைக் காட்டிக்கொடுப்பது இவ்வாயுவே. நாம் காணும் ஒளிமுகில், பின்னால் பரந்து கிடக்கும் குளிர்முகிலின் முகப்பில் எழுந்த சிறுபகுதி என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னாளில், தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்வெளித் தொலைநோக்கி, எக்ஸ் கதிரில் இங்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட இளம் விண்மீன்களைக் காட்டியது.

எல்லா அலைகளையும் தரையிலிருந்து காண இயலாது. கண்ணுறு ஒளிக்கு ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போதும். நீராவி அகச்சிவப்பை உறிஞ்சுவதால், அதற்கு லடாக்கின் ஆன்லே போன்ற வறண்ட உயர்நிலம் ஏற்றது. புற ஊதாவை ஓசோன் தடுத்துவிடும். ஆகவே 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது.

நூல்களில் காணும் வண்ணமிகு நெபுலாப் படங்களில் பல, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களால் பெறப்பட்டவை. அவற்றின் நிறங்கள் வேறுபாடு காட்டுதற்பொருட்டு ஆய்வாளர் வழங்கியவை. அத்தகைய படத்தில் நீலம் ஓரலையையும் சிவப்பு அதனினும் நீண்ட அலையையும் குறிப்பது பெருவழக்கு. எந்த அலைநீளத்தில் எடுத்தது என்னும் குறிப்பைப் படித்த பின்னரே வானியலார் படத்தைப் பார்க்கத் தொடங்குவர்.