வேகம் குறைந்தால்தான் விமானம் பறக்கலாம்!

மாணவர்களே, சுபாங் அல்லது சிலேத்தார் விமான நிலையப் பக்கம் போயிருக்கிறீர்களா? சிறிய விமானம் ஒன்று ஓடுபாதைக்குள் நுழையும் முன், நின்ற இடத்திலேயே உறுமுவதைக் கேட்கலாம். அந்த உறுமல் இடையிடையே சற்றுத் தாழ்ந்து மீண்டும் உயரும். இயந்திரத்தில் பழுதா? இல்லை. விமானி வேண்டுமென்றே அதன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறார். குறையாவிட்டால்தான் அவர் கவலைப்பட வேண்டும்!

1970களில் தயாரான செஸ்னா 172 எம் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இயந்திரத்தில் 4 சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் எரிபொருளைப் பற்றவைக்க 2 ஸ்பார்க் பிளக்குகள். இவற்றுக்கு மின்சாரம் தருபவை இரண்டு மேக்னெட்டோக்கள். மேக்னெட்டோவுக்குள் காந்தம் சுழலும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் உண்டாகிறது. நீங்கள் இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. எனவே பேட்டரி செயலிழந்தாலும் இயந்திரம் நிற்காது. ஒரு மேக்னெட்டோ பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும்.

இரண்டும் நலமா என்று எப்படி அறிவது?

விமானி கற்கள் இல்லாத தரையில் விமானத்தை நிறுத்தி, அதன் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்புகிறார். இயந்திரம் குளிர இது உதவும். பிரேக்கை அழுத்தியபடி வேகத்தை நிமிடத்திற்கு 1,700 சுற்றுக்கு உயர்த்துகிறார். பிறகு ஒரு மேக்னெட்டோவை மட்டும் வேலை செய்ய விடுகிறார். அடுத்து மற்றதை மட்டும்.

இரண்டு பிளக்குகளும் பொறி தந்தால் சிலிண்டரின் இரு பக்கமிருந்தும் தீ பரவும். ஒன்று மட்டும் தந்தால் தீ முழுத் தூரத்தையும் தனியே கடக்க வேண்டும். எரிதல் தாமதமாகும், வேகம் சற்றுக் குறையும். இந்தக் குறைவு 125 சுற்றைத் தாண்டக்கூடாது. இரண்டு மேக்னெட்டோக்களின் குறைவுக்கும் இடையிலான வேறுபாடு 50 சுற்றைத் தாண்டக்கூடாது.

வேகம் குறையவே இல்லையென்றால்? நல்லது என்று நினைப்பீர்கள். ஆனால் அது ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். வீட்டு விளக்கை அணைக்க மின்சுற்றைத் துண்டிக்கிறோம். மேக்னெட்டோவை அணைக்க, அதன் சுருளை ஒரு கம்பி வழியாக இயந்திர உடலோடு இணைக்க வேண்டும். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சுவிட்சைத் திருப்பினாலும் மேக்னெட்டோ அணையாது. பிறகு, நிறுத்தி வைத்த விமானத்தின் முன்விசிறியை யாராவது கையால் சற்றுத் திருப்பினாலே போதும். இயந்திரம் திடீரென உயிர்பெற்று அவர் உயிரைப் பறிக்கக்கூடும்.

அடுத்த சோதனையும் இதே வகைதான். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே கடுமையாகக் குளிரும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். எனவே வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே பனிக்கட்டி உருவாகிக் காற்றின் வழியை அடைக்கலாம். அதை உருக்கச் சூடான காற்றை உள்ளே விடும் பிடி ஒன்று உண்டு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால், பிடியை இழுத்ததும் வேகம் குறைய வேண்டும். குறையாவிட்டால், சூடான காற்று வந்து சேரவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

பார்த்தீர்களா? சோதனை என்பது எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டுமல்ல. ஒன்றை மாற்றினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அது அப்படியே நடக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இதே முறைதான்.

சிந்தித்துப் பாருங்கள்: 1,700 சுற்றில் ஓடும் இயந்திரம் வலது மேக்னெட்டோவில் மட்டும் 1,660, இடதில் மட்டும் 1,590 சுற்று காட்டுகிறது. புறப்படலாமா?

விடை: கூடாது. குறைவு 40, 110, இரண்டுமே 125க்குள்தான். ஆனால் வேறுபாடு 70. விமானம் பழுதுபார்ப்பவரிடம் திரும்ப வேண்டும்.