வண்ண மீன் தொட்டியில் எந்த மீனுடன் எதைச் சேர்க்கலாம்?

பண்ணைக் குடும்பங்கள் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய துணைத் தொழில்களுள் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. ஆனால், புதிதாகத் தொடங்குவோர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் மீன்களையெல்லாம் வாங்கி ஒரே தொட்டியில் விட்டு விடுகின்றனர். சில நாட்களில் சில மீன்கள் காணாமல் போகின்றன. சில வால் கிழிந்து மடிகின்றன. இதை நோய் என எண்ணி மருந்து இடுவதற்கு முன், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மீன்களைச் சேர்த்திருக்கிறோமா எனப் பார்த்தல் வேண்டும்.

தண்ணீரின் தன்மை

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டியிடும் மீன்கள் கடின நீரில் நன்கு வளரும். கார அமில நிலை 7 முதல் 8 வரை இருக்கலாம். எனவே உப்புத்தன்மை இல்லாத கடினமான கிணற்று நீர் உள்ளவர்கள் இவற்றைக் கொண்டு தொடங்குவது நல்லது. நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவை மென்னீரை விரும்புவன. தங்க மீன் சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும், கழிவும் அதிகம். அதற்குத் தனித் தொட்டியே ஏற்றது.

வாயும் வாலும்

ஒரு மீனின் வாய்க்குள் மற்றொன்று நுழையுமானால், இரண்டையும் சேர்க்கக் கூடாது. வளர்ந்த ஏஞ்சல் மீன் கப்பிக் குஞ்சுகளையும் நியான் டெட்ராவையும் விழுங்கி விடும். டைகர் பார்ப் நீண்ட வாலுள்ள மீன்களைக் கடிக்கும். சண்டை மீனில் இரு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மடியும்வரை கூடப் போரிடும்.

மாதிரித் தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 50 லிட்டர் கொள்ளும். இதில் கீழ்க்கண்டவாறு விடலாம்.

1. கப்பி: ஆண் 2, பெண் 4
2. பிளாட்டி: ஆண் 1, பெண் 2
3. கோரிடோராஸ்: 5

முதல் இரண்டும் மேல், நடு மட்டங்களிலும், கோரிடோராஸ் அடிமட்டத்திலும் மேய்வதால் இடத்துக்கும் இரைக்கும் போட்டி குறையும். பெண் மீன்கள் கூடுதலாக இருந்தால், ஆண் மீன்கள் ஒரே பெண்ணை ஓயாமல் துரத்துவது குறையும். கோரிடோராஸின் மீசை தேயாமலிருக்க, அடியில் நுண்மணல் இடவும். அது உள்ள தொட்டியில் உப்பு இடுவதைத் தவிர்க்கவும்.

புதிய மீன்களை விடுதல்

வாங்கிய மீன்களை இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்கவும். தொட்டியில் விடுமுன் பையை 15 முதல் 20 நிமிடம் நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்தவும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றவும்.

எச்சரிக்கை

ஒத்துப்போகாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கப்பட்ட தென் அமெரிக்க சக்கர் மீன், இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்களுக்கு இழப்பு உண்டாக்குகிறது. வேண்டாத மீனை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தல் நன்று.