பந்தலூரில் துருவேறிய பொறிகள்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கேரளத்தை ஒட்டிப் பந்தலூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா ஆகிய ஊர்களைக் கடந்து சேரம்பாடியை நோக்கிச் செல்லும் பாதையில் இதனைக் காணலாம். எங்கு நோக்கினும் தேயிலைத் தோட்டங்கள், அவற்றினிடையே சோலைகள், ஆனித் திங்கள் பிறந்துவிட்டால் ஓயாத மழை. அண்டையிலுள்ள தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்றே கூறுவர். இவ்வமைதியான ஊர் ஒரு காலத்தில் இலண்டன் மாநகரத்துச் செல்வர்களின் உறக்கத்தைக் கெடுத்தது என்றால் இன்று காண்பவர் எளிதில் நம்பமாட்டார்.

இம்மலைகளில் உள்ள வெண்கற் பாறைகளினூடே பொன் கலந்துள்ளது என்பதைக் குறும்பர் முதலிய மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஓடை மணலை அரித்துச் சிறிதளவு பொன்னும் எடுத்து வந்தனர். 1879ஆம் ஆண்டில் அரசாங்கத்தார், ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் பழகிய பிரௌ ஸ்மித் என்பவரை வரவழைத்து இப்பகுதியை ஆராயச் செய்தனர். அவர் 1880இல் அளித்த அறிக்கை பலருக்குப் பேராசையை மூட்டியது. மிகக் குறுகிய காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவற்றின் மூலதனம் நாற்பது இலட்சம் பவுனுக்கு மேற்பட்டதாகக் காட்டப்பட்டது. கனமான பொறிகள் கப்பலில் மலையாளக் கரைக்கு வந்து, மாட்டு வண்டிகளில் மலையேறின. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட்டது. பாறையில் பொன் இருந்தது. ஆனால் எடுக்கும் செலவுக்கு ஈடாக இல்லை. கம்பெனிகள் கலைந்தன. பொறிகள் மட்டும் காட்டில் நின்றன. அவற்றின்மேல் கொடி படர்ந்தது; துரு ஏறியது.

அப்பொறிகள் எத்தன்மையன என்பதை அறிதல் நன்று. பொன் கலந்த கல்லைத் தூளாக்கும் இடிப்பொறிகளே அவற்றுள் முதன்மையானவை. நம் வீட்டு உரலையும் உலக்கையையும் நினைத்துக்கொண்டால் அவற்றின் அமைப்பு விளங்கும். நீராற்றலாலோ நீராவியாலோ ஓர் இருசு சுழலும். அவ்விருசிலுள்ள முனைகள் கனமான இரும்பு உலக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்திக் கீழே விடும். கீழிருக்கும் கல் நொறுங்கித் தூளாகும். அத்தூளை நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டால் பொன் துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நெல் குத்தும் உலக்கையின் நுனியில் பூண் உண்டு. பூண் தேய்ந்தால் பெண்கள் உலக்கையை எறிந்துவிடுவதில்லை. கொல்லனிடம் கொடுத்துப் புதுப்பூண் கட்டிக்கொள்கின்றனர். இடிப்பொறியிலும் அப்படியே. உலக்கையின் அடியில் கடினமான இரும்புப் பூண் ஒன்றும், அது விழும் இடத்தில் அடைகல் போன்ற இரும்புக் கட்டி ஒன்றும் இருக்கும். இவ்விரண்டும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. இவற்றைக் காலந்தவறாமல் மாற்றிக்கொண்டே வந்தால் பொறியின் உடல் பல்லாண்டு உழைக்கும். மாற்றுவதற்கு ஆளில்லாத பொறியோ, புதிதாகவே இருப்பினும் சில மழைக்காலங்களில் வெறும் இரும்புக் குவியலாகிவிடும். பந்தலூரில் நேர்ந்தது இதுவே. சுரங்கம் தோற்றதற்குப் பொறிகள் காரணமல்ல. கல்லின் தரத்தை நன்கு ஆராய்வதற்கு முன்னரே பொறிகளை வாங்கிக் குவித்தவர்களே காரணம்.

ஏறத்தாழ அதே காலத்தில் மைசூர் நாட்டின் கோலாரிலும் பொன் தேடும் வேலை தொடங்கியது. அங்கும் முதலில் தோல்வியே. ஆயினும் வளமான படிவம் அகப்பட்டது; அங்கே பொறிகளும் பணிமனைகளும் நிலைபெற்றன. நூறாண்டுகளுக்கு மேல் நடந்த அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆனால் கோலார் தங்கவயலில் இரும்பின் ஒலி ஓய்ந்துவிடவில்லை. 1964இல் தொடங்கப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் அரசுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலைகளுள் ஒன்று அங்கே உள்ளது. புல்டோசர்களும் மண் தோண்டும் பொறிகளும் அங்கே செய்யப்படுகின்றன.

அத்தகைய பொறிகளை இன்று நீலகிரியில் நாம் பெரும்பாலும் மழைக்காலத்திலேயே கூர்ந்து நோக்குகிறோம். 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இம்மாவட்டத்தில் மலைச்சரிவுகளால் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இவ்வாறு மழை பெய்யும்போது மண் சரிந்து பாதையை மூடுகிறது. மறுபுறத்தில் மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவர் காத்திருக்கலாம். அவ்வேளையில் பொறியைக் கிளப்ப முயன்று, அது இருமிவிட்டு நின்றுவிடுமானால் யாரை நோவது? மலையைக் கண்டபடி வெட்டுவதும் சரிவுக்கு ஒரு காரணமாதலால், இம்மாவட்டத்தில் அரசாங்க இசைவின்றி இப்பொறிகளைக் கொண்டு மண்ணை வெட்டுதல் கூடாது என்னும் கட்டுப்பாடும் உண்டு. தீங்கு செய்யவும் நன்மை செய்யவும் ஒரே பொறி போதுமன்றோ!

புதுப்பொறியின் விலை மிகுதி. ஆகவே சிறிய ஒப்பந்தக்காரர்கள் பிறர் பயன்படுத்திய பொறிகளையே வாங்குகின்றனர். அவ்வாறு வாங்குவதில் இழிவொன்றுமில்லை. ஆராயாமல் வாங்குவதிலேதான் இழப்பு உண்டு. மனிதனுக்கு வயது போலப் பொறிக்கு அது உழைத்த மணிக்கணக்கு. அதனைக் காட்டும் மீட்டர் ஒன்று பொறியில் பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் மீட்டரை மாற்றிவிடலாம். கால்மிதியின் தேய்வையும், இருக்கையின் குழியையும், பக்கெட்டின் மூட்டுகளில் உள்ள ஆட்டத்தையும் அவ்வளவு எளிதில் மறைக்க இயலாது. புதிதாக வண்ணம் பூசப்பட்ட பொறியைக் கண்டால் அனுபவசாலிகள் மகிழ்வதில்லை. எந்த வெடிப்பின்மேல் பூசினார்களோ என்று ஐயுற்று, பற்றவைத்த இடங்களை எல்லாம் தடவிப் பார்ப்பர்.

சங்கிலித் தடத்தின்மேல் ஓடும் பொறியாயின் முதலில் நோக்கவேண்டியது அதன் அடிப்பகுதி. 1904ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சேற்று நிலத்தில் புதையாமல் செல்லும்பொருட்டுச் சக்கரங்களை நீக்கித் தடங்களைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். சேறு வென்றது, ஆனால் தேய்வு பெருகிற்று. ஒரு புல்டோசரைப் பேணும் செலவில் ஏறத்தாழப் பாதி அதன் அடிப்பகுதிக்கே ஆகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. தடத்தின் கண்ணிகளை இணைக்கும் முளையும், அதனைச் சூழ்ந்த குழலும் எப்பொழுதும் ஒரே பக்கத்தில் தேய்கின்றன. பல்சக்கரம் அப்பக்கத்திலேயே அழுத்துவதால் இவ்வாறாகிறது. குழல் முற்றும் தேய்வதற்கு முன்னர், பெரிய அழுத்தப் பொறியினால் அதனை வெளியே தள்ளி, அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் பொருத்துவர். தேயாத பக்கம் இப்போது பல்லுக்கு முகங்கொடுக்கும். கிணற்றுக் கயிற்றின் ஒரு பாதி நைந்ததும் உழவர் அதனைத் தலைமாற்றிக் கட்டுவதை இது ஒத்திருக்கிறது. காலங்கடந்து திருப்பினால் பயனில்லை. குழலின் சுவர் வெடித்துவிடும். அளந்து பார்த்துக்கொண்டே வருபவனுக்குத்தான் உரிய காலம் தெரியும்.

தடத்தை முறுக்கிக் கட்டுவதும் தவறு, தளரவிடுவதும் தவறு. பந்தலூர்ப் பக்கத்துச் செம்மண் மழையில் பிசின்போல் ஒட்டும். அது பற்களினிடையே இறுகியதும், சரியாக வைத்த தடமும் தானே முறுகிவிடுகிறது. இரவில் அச்சேறு காய்ந்து கல்லாகிவிட்டால் மறுநாள் உருளைகள் சுழலாமல் உராய்ந்து ஒரு பக்கம் தட்டையாகும். மாலையில் ஒரு மண்வெட்டியும் கால்மணி நேர உழைப்பும் இருந்தால் இத்தீங்கு நேராது.

இயந்திரத்தின் உள்ளே நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. எண்ணெயே அதனைச் சொல்லும். பல பொறிகளில் 250 மணிக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெயை மாற்றுவர். மாற்றும்போது சிறு குப்பியில் சிறிது எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அதில் கலந்துள்ள உலோகங்களைப் பிரித்துக் கூறுவர். இரும்பு மிகுந்தால் உருளையோ பற்சக்கரமோ தேய்கிறது. செம்பு மிகுந்தால் தாங்கிகளில் தேய்வு. சிலிக்கான் மிகுந்தால் காற்று வடிகட்டியின் வழியே மண் புகுகிறது. மருத்துவர் குருதியைச் சோதித்து நோயறிவதும் இவ்வாறுதானே! பக்கெட்டை உயர்த்தும் ஹைட்ராலிக் எண்ணெயில் தலைமயிரின் பருமனில் ஏழில் ஒரு பங்குள்ள துகளும் பம்பை அரித்துவிடும். ஆகையால் எண்ணெய் ஊற்றும் புனலைத் துடைக்காதவன் எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெய் வாங்கினும் பயனில்லை.

இவ்வெண்ணெய் குழாய்களில் மிகுந்த அழுத்தத்துடன் ஓடுகிறது. குழாயில் ஊசித்துளை விழுந்தால் கையால் தடவிப் பார்த்தல் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அக்கூரிய பாய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். விரலையே வெட்டி நீக்கவேண்டிய நிலையும் ஏற்படலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை. தூக்கிய பக்கெட்டின் கீழ் நின்று பழுது பார்ப்பதும் அத்தகைய அறியாமையே. குழாய் அறுந்தால் பக்கெட் விழுவதற்கு ஒரு நொடியும் ஆகாது.

பழைய பொறியை உள்ளபடியே காப்பது ஒன்று. அதனை மேம்படுத்துவது மற்றொன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சட்டத்தைப் பற்றி ஏறும் மலை இரயிலை இம்மாணவர்கள் அறிவர். அதன் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்து நாட்டு வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. நிலக்கரியால் ஓடிய அவற்றுட் சிலவற்றைப் பின்னர் எண்ணெயால் ஓடுமாறு மாற்றினர். பழுது பார்த்துத் தேர்ந்த திருச்சிப் பொன்மலைப் பணிமனையார், அதே வகையில் புதிய எஞ்சின்களையும் செய்து முடித்தனர். மண் அள்ளும் பொறிகளிலும் இத்தகைய மறுவாழ்வு உண்டு. எஞ்சினைப் பிரித்து உருளைகளைக் கடைந்து புதிய பிஸ்டன் பொருத்தலாம். தேய்ந்த பக்கெட் பற்களைக் கழற்றி மாற்றி, விளிம்பில் கடின உலோகத்தைப் பற்றவைக்கலாம். பொறி உருண்டாலும் ஓட்டுபவர் நசுங்காதபடி காக்கும் இரும்புக் கூண்டும், இருக்கை வாரும் பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. மலைச்சரிவில் உழைக்கும் பொறிக்குப் புதிய வண்ணத்தைவிட இவையே முதலில் வேண்டும். அக்கூண்டையும் கண்ட பட்டறையில் வளைத்துச் செய்தல் தகாது. சோதனையில் தேறியதாக இருத்தல் வேண்டும். அடிச்சட்டமே வெடித்துப் பலமுறை ஒட்டப்பட்டிருக்குமானால், அப்பொறிக்குப் பணம் செலவிடுவதை நிறுத்திவிடுவதே அறிவுடைமை. நல்ல உறுப்புகளை மட்டும் வேறொரு பொறிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மாலை மங்கி, மூடுபனி தேயிலைச் செடிகளின்மேல் இறங்குகிறது. பந்தலூர்ச் சாலையோரத்தில் வேலை முடிந்த பொறியைச் சமநிலத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் அமர்த்துகிறார் ஓட்டுபவர். தடத்தில் ஒட்டிய செம்மண்ணை வெட்டித் தள்ளுகிறார். பின்னர் டீசல் தொட்டியை நிரம்ப நிரப்புகிறார். நாளை அவருக்கு அவ்வளவு டீசல் தேவைப்படாது. ஆயினும் தொட்டியில் வெற்றிடம் இருந்தால் இரவுக் குளிரில் உள்ளிருக்கும் ஈரக்காற்று நீர்த்துளியாகி டீசலில் கலக்கும். அந்நீர் ஊசிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். விடிந்ததும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், தொட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, அங்கே தங்கியிருக்கும் நீரை ஒரு தகரக் குவளையில் வடித்துக் கொட்டுகிறார். தெளிந்த டீசல் வரும் வரையில் அவர் திருகை மூடுவதில்லை.