கடையில் வாங்கும் காளான் களிம்பு: பயனும் கேடும்

பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதன் காரணத்தை நம் கிராமத்தார் யாவரும் அறிவர். சுண்ணாம்பு இல்லையேல் பாளையிலிருந்து வடியும் இனிய சாறு சிறிது நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகிவிடும். அவ்வாறு நுரைக்கச் செய்வது ஈஸ்ட் எனப்படும், கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்காளான். காண்டிடா என்னும் மற்றொரு நுண்காளானும் இவ்வகையினதே. அது நம் வாயிலும் குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும், எவ்விதத் தொல்லையும் கொடாமல் குடியிருந்து வருகின்றது. அளவு மீறிப் பெருகும்போதுதான் அது நோயாகிறது. பெண்கள் நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய் வருமென மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

இத்துணைப் பரவலான நோயைப் பற்றி நம் ஊர்களில் பேச்சே எழுவதில்லை. ஆதலின் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் படிக்கும் இவ்விதழில் இதனை எடுத்துரைப்பது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அப்பேச்சு எழாமையே காரணம். கூச்சத்தினால் மருத்துவமனைக்குச் செல்லாத பெண்மணி, தீர்ந்துபோன பழைய டியூப் ஒன்றைப் பள்ளிச் சிறுவன் கையில் கொடுத்து, இதே களிம்பை வாங்கிவா என்று கடைக்கு அனுப்புகிறாள். அக்களிம்பு எதற்கானது, அதனுள் இருப்பது யாது என்பதை அனுப்பியவளும் அறியாள், வாங்கி வருபவனும் அறியான். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களிடமும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடமும் கேட்டுத் தெளிந்தவற்றை ஈண்டு விளக்கமாகக் கூறுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

நோயும் அதன் காரணங்களும்

பெண்ணுறுப்பில் கடும் அரிப்பு, எரிச்சல், சிவந்த வீக்கம், தயிர்த் திரளை போன்ற வெள்ளை ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் நாற்றம் இராது. நம் மக்கள் இதனை உடற்சூடு என்று கருதி, வெந்தயமும் மோரும் உட்கொண்டு காத்திருப்பர். வெந்தயத்தால் கெடுதல் இல்லை. காத்திருப்பதில்தான் கெடுதல் உண்டு. நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் நனைந்த ஆடையுடன் நிற்பவர்க்கும், வியர்வை உலராத இறுகிய செயற்கை இழை உள்ளாடை அணிபவர்க்கும் காளான் பெருக ஏற்ற ஈரமும் வெப்பமும் அமைந்துவிடுகின்றன. கருவுற்ற காலமும் இதற்கு இடமளிக்கும். சளிக்கும் காய்ச்சலுக்கும் அடிக்கடி உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள், காளானை அடக்கி வைத்திருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே கொன்றுவிடுவதால் இந்நோய்க்கு வழிகோலும்.

இவை யாவற்றினும் முதன்மையாக நினைவிற்கொள்ள வேண்டியது நீரிழிவு. திரும்பத் திரும்ப இவ்வரிப்பு வருமாயின், உடலில் சர்க்கரை மிகுந்திருக்கின்றதா என்று சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஆண்களுக்கும் இது பொருந்தும். குறியின் முன்தோல் வெடித்து அரிப்பெடுப்பது பலருக்கு நீரிழிவின் முதல் அறிவிப்பாக இருக்கிறது. மேலும், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதுவகை நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அவற்றை உட்கொள்வோர்க்கு இக்காளான் நோய் எளிதில் வரும். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடலாகாது. கொடுத்த மருத்துவரிடம் கூறினால் அவர் ஆவன செய்வார்.

நல்ல மருந்து

இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. 1950ஆம் ஆண்டில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர்கள் நிஸ்டாட்டின் என்ற காளான் கொல்லியை உலகிற்கு அறிவித்தனர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பால்பண்ணையின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து அது கிடைத்தது. அவ்விருவரும் நியூயார்க் மாநில அரசின் சுகாதாரத் துறை ஊழியர்கள்; வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி ஆராய்ந்தவர்கள். மருந்தினால் வந்த உரிமைத் தொகையையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டனர். அரசு அலுவலகத்தில் பணி புரிவோர்க்கு இச்செய்தி சற்றுப் பெருமிதம் தரக்கூடியதே.

இன்று மிகுதியாக வழங்குவது குளோட்ரிமசோல். களிம்பாகவும், உறுப்பினுள் வைக்கும் மாத்திரையாகவும் இது கிடைக்கிறது. 100 மில்லிகிராம் மாத்திரையாயின் ஆறு அல்லது ஏழு இரவுகளும், 200 மில்லிகிராமாயின் மூன்று இரவுகளும், 500 மில்லிகிராமாயின் ஒரே இரவும் படுக்கப்போகும்போது வைத்துக்கொள்ள வேண்டும். இது விழுங்கும் மாத்திரை அன்று. இதனைச் சொல்லவும் வேண்டுமோ என எண்ணற்க. விளக்கிச் சொல்வார் இன்மையால் விழுங்கியவர்களும் உண்டு எனச் செவிலியர் கூறுகின்றனர். மாதவிலக்குத் தொடங்குமுன் முடியுமாறு நாளைக் கணக்கிட்டுக்கொள்வது நலம். இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிட்டதென்று நடுவில் விட்டுவிடலாகாது.

பக்க விளைவுகள் பெரும்பாலும் சிறியவை. வைத்தவுடன் சிறிது எரிச்சலோ சிவப்போ தோன்றி அடங்கலாம். எரிச்சல் முன்னிலும் மிகுமாயினும், கொப்புளம் எழுமாயினும் நிறுத்திவிட வேண்டும். உதடும் முகமும் வீங்கி மூச்சுத் திணறினால் ஒவ்வாமை என்று கொண்டு, தாமதமின்றி 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். குடும்பநலம் கருதுவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். இம்மருந்துகளிலுள்ள எண்ணெய்ப் பொருள் நிரோத் முதலிய உறைகளின் ரப்பரை நலிவடையச் செய்யும். ஆதலால் மருந்து பயன்படுத்தும் நாட்களிலும், அதன்பின் சில நாட்களும் உறையை நம்பியிருத்தல் கூடாது.

இரு பெயர்கள்

இனி நாம் கூறப்போவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. குளோட்ரிமசோல் என்பது காளானைக் கொல்லும் மருந்து. குளோபெட்டசோல் என்பது அவ்வாறன்று. அது ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அவ்வகையிலும் மிக வலிமை வாய்ந்தது. முதலும் முடிவும் ஒன்றுபோல் ஒலிப்பதால் பெயரில் மயங்குவது எளிது. போதாக்குறைக்கு, இரண்டையும் ஒரே டியூபில் கலந்து, ஓர் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து விற்கும் களிம்புகள் கடைகளில் நிறைந்துள்ளன. பெட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்பனவும் ஸ்டீராய்டுகளே.

ஸ்டீராய்டு நஞ்சு அன்று. மருத்துவர் அளந்து கொடுக்குங்கால் அது உயிரையும் காக்கும். ஆனால் காளான் உள்ள இடத்தில் அதனைத் தடவினால், அரிப்பை ஒரே நாளில் அடக்கிவிட்டு, காளானை எதிர்க்கும் உடலின் காவலையும் உடன் அடக்கிவிடுகிறது. களை மேலே காய்ந்ததுபோல் தோன்ற, வேர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிலை அது. நிறுத்தியதும் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். மீண்டும் டியூப் வாங்கப்படும். தொடையிடுக்குப் போன்ற மெல்லிய தோல் உள்ள இடங்களில் இது மிகுதியாக உறிஞ்சப்பட்டு, தோல் தேய்ந்து, பிளந்ததுபோன்ற வரிகள் விழும். அவ்வரிகள் பின்னர் மறைவதில்லை. படர்தாமரைக்கும் நம் மக்கள் இதே டியூபையே நாடுகின்றனர். அது ஈஸ்ட் அன்று, வேறொரு காளான். மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரை நம் நாட்டில் பெருகியதற்கு இக்கலவைக் களிம்புகளின் மிகைப் பயனும் ஒரு காரணம் எனத் தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். அவ்வகைக் காளான் ஒன்றுக்கு 2020ஆம் ஆண்டில் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டுவிட்டனர். இது நமக்குப் புகழ் தரும் பெயரன்று.

நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊரில், விவசாயக் கூலி வேலை செய்யும் பெண்மணி ஒருவர் இத்தகைய கலவைக் களிம்பை எட்டுத் திங்கள் தடவி வந்திருக்கிறார். செவிலியர் தற்செயலாக வினவியபோது அவர் கூறிய விடை நம் மனத்தை விட்டு அகலவில்லை. “மருந்து நல்ல மருந்துதான், நர்சம்மா. போட்டால் அடங்கிவிடுகிறது. நோய்தான் பொல்லாதது” என்றாராம். சோதித்ததில் அவருக்கு நீரிழிவு முற்றியிருந்தது. தொடையிடுக்கில் தோல் காகிதம்போல் தேய்ந்திருந்தது. அவ்வெட்டுத் திங்களும் அவர் குடும்பத்தில் எவரும் இதனை அறியார்.

ஸ்டீராய்டு கலந்த மேல்பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் மத்திய அரசு 2018ஆம் ஆண்டில் சேர்த்தது. அத்தகைய மருந்தின் உறையில் சிவப்புக் கோடும், ஆர் என்னும் ஆங்கில எழுத்தின் காலில் குறுக்குக் கோடிட்ட குறியும் காணப்படும். சட்டத்தை மதித்துச் சீட்டுக் கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. அவர்களிடம் சினந்து அடுத்த கடைக்குச் செல்லும் நாமும் உண்டு. ஏற்கெனவே நெடுநாள் இக்களிம்பைத் தடவி வருவோர், இதனைப் படித்ததும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த டியூபையே கையோடு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுக. திடீரென நிறுத்தினால் வரும் கொதிப்பை ஆற்றுவதற்கும் அவரிடம் வழி உண்டு.

விழுங்கும் மாத்திரை

ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே இந்நோயைத் தீர்க்கும் ஆற்றலுடையது. இதற்கும் மருத்துவர் சீட்டு வேண்டும். ஆயினும் கேட்டால் கிடைக்கிறது. குமட்டல், வயிற்று வலி, தலைவலி வரலாம். ஈரல் நோயுள்ளோர் விலக்க வேண்டும். கருவுற்றோரும், கருவுற்றிருக்கலாம் என ஐயமுள்ளோரும் இதனை உட்கொள்ளலாகாது. அவர்களுக்கு உள்வைக்கும் குளோட்ரிமசோலே ஏற்றது. அதனையும் மருத்துவரோ செவிலியரோ கூறியவாறு, ஒருவார காலம் பயன்படுத்த வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகிய நீரிழிவு மாத்திரைகளுடன் ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். இதய நோய்க்காக வார்ஃபரின் உட்கொள்வோர்க்கு இரத்தக் கசிவு நேரும். மைக்கோனசோல் என்னும் களிம்பும் அவ்வாறே வார்ஃபரினுடன் பகைக்கும். வெள்ளைப்படுதல் என்றவுடன் மூன்று நான்கு மாத்திரை கொண்ட அட்டையைக் கடைகளில் எடுத்துத் தருகின்றனரே, அதில் ஆன்டிபயாடிக்கும் அடங்கியுள்ளது. தேவையின்றி உட்கொண்டால் அதுவே அடுத்த காளான் நோய்க்கு அழைப்பாகும்.

தாமே நோயை அறிந்துகொண்டோம் என்னும் உறுதியும் ஐயத்திற்குரியது. அமெரிக்காவில் இம்மருந்துகளைச் சீட்டின்றி வாங்கிய 95 பெண்களைச் சோதித்த ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே ஈஸ்ட் நோய் மட்டும் இருந்தது. மற்றவர்க்கு வேறு தொற்றோ, கலந்த தொற்றோ இருந்தது. சிலருக்கு நோயே இல்லை. கல்வியும் வசதியும் மிக்க நாட்டிலேயே இவ்வாறாயின், நம் ஊர்களில் முதன்முறை வரும் அரிப்புக்கு மருத்துவரைக் காணாமல் மருந்து வாங்குவது தகாது. நாற்றமுள்ள வெள்ளை, அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், இரத்தக் கசிவு இவற்றுள் ஒன்று இருப்பினும் அது ஈஸ்ட் அன்று என்றே கொள்ள வேண்டும். மாதவிலக்கு நின்றபின் ஏற்படும் கசிவை ஒருநாளும் பொறுத்திருக்கலாகாது. மூன்று நாளில் குறையாத நோயும், ஏழு நாளில் தீராத நோயும், ஆறு திங்களில் இருமுறைக்கு மேல் திரும்பும் நோயும் மருத்துவருக்கு உரியவை. சிறுமியர்க்குத் தாமாக எம்மருந்தும் வைத்தல் கூடாது.

கைவைத்தியம் குறித்தும் சில சொற்கள் கூறுவோம். டெட்டால் கலந்த நீரால் கழுவுவதும், சோப்பிட்டு உள்ளே கழுவுவதும் புண்ணையே பெருக்கும். வெறும் நீரே போதும். கேரம் பலகையில் தூவும் போரிக் பொடியைச் சிலர் தாமே பயன்படுத்துகின்றனர். மருத்துவர் மேற்பார்வையில் அது சிலருக்குப் பயன்படுவது உண்மையே. ஆனால் வாய்வழி உட்சென்றால் நஞ்சு, கருவுற்றோர்க்கு ஆகாது. குழந்தையின் நாவில் வெண்மாவுபோல் படியும் அக்கரமும் இதே காளானின் வேலைதான். அதற்கு வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். குழந்தை அதனை விழுங்கும்; வெங்காரம் உட்சென்று பச்சிளங்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததுண்டு.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. களத்துமேட்டின் அருகிலுள்ள மகளிர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ் உள்ளதா என்று பார்க்கலாம். வேலை முடிந்து ஈர உடையை மாற்ற மறைவிடம் இன்றிப் பெண்கள் இருள் சூழும்வரை அப்படியே நடந்து வருகின்றனர் என்பதை எத்தனை உறுப்பினர் அறிவர்? மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டம் ஒன்றிற்குச் செவிலியரை அழைத்து, ஆண்கள் எவரும் இல்லாமல் அரைமணி நேரம் பேசச் செய்யலாம். குழு உறுப்பினர்கள் அன்று தம் வீட்டிலுள்ள டியூப்களைக் கொண்டுவரட்டும். எவ்வெவற்றில் ஸ்டீராய்டு உள்ளதெனச் செவிலியர் பிரித்துக் காட்டுவார். நீரிழிவுச் சோதனையையும் அன்றே முடித்துக்கொள்ளலாம். சீட்டின்றி ஸ்டீராய்டு களிம்பு விற்கும் கடை இருப்பின், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். எழுதும்போது விலைச்சீட்டையும் இணைத்தனுப்புவது நன்று. ஆகவே வாங்குந்தோறும் விலைச்சீட்டுக் கேட்டுப் பெறுக.